செம்மண் ஏற்றத்தில் இருமிய டர்போ

சிமெண்டுச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்த டர்போவை நெடுமாறன் சகாயமேரியின் மேசைமேல் தொப்பென்று போட்டார். ஓரத்தில் இருந்த டீ கிளாஸ் கவிழ்ந்து உருண்டது.

"மொத வாட்டி பத்தொம்பது நாளு. இந்த வாட்டி பதினோரு நாளு. அடுத்த வாட்டி எத்தினி நாளுன்னு நீயே சொல்லிடுக்கா, காலண்டர்ல குறிச்சு வச்சுக்கறேன்."

நெடுமாறனுக்குச் சொந்தமாக ஒரு டிப்பர் லாரி உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே தோண்டிய பெரிய குழியிலிருந்து நாலுவழிச் சாலை வேலைக்குச் செம்மண் அடிக்கிறார். குழிக்குள் இறங்கி, மண்ணை நிரப்பிக்கொண்டு, செங்குத்தான மண்பாதையில் ஏறி வெளியே வரவேண்டும். அந்த ஏற்றத்துக்காகத்தான் பெரிய டர்போ கேட்டு இந்தப் பட்டறைக்கு வந்தார். இப்போது முப்பது நாளில் இரண்டு உடைந்துவிட்டன.

டர்போ என்பது ஒரே தண்டின் இரண்டு முனைகளில் இருக்கும் இரண்டு சக்கரங்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதோடு சேர்ந்து சுற்றும் மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுவரை போகும். அந்த வேகத்தில் சக்கரத்தின் ஒரு பக்கம் பொடியுப்பின் ஒரு மணி அளவு கனத்தாலும் தண்டு தள்ளாடும். அந்தக் கனத்தைக் கண்டுபிடித்து, உலோகத்தைத் துளித்துளியாகச் சீவி எடுப்பதுதான் சகாயமேரியின் வேலை. மந்தாரக்குப்பம் கடைத்தெருவைத் தாண்டி இருக்கும் அந்தப் பட்டறையில் பேலன்சிங் மெஷினைத் தொடுபவர் அவர் ஒருவர்தான்.

முதலாளி கொளஞ்சிநாதன் உள்ளறையிலிருந்து வந்து சாக்கைப் பிரித்துப் பார்த்தார். தண்டு இரண்டாக முறிந்திருந்தது.

"பேலன்ஸ் பண்ணது யாரு?" என்றார். பதில் தெரிந்த கேள்வி.

"நான்தாண்ணே."

"மொத டர்போ?"

"அதுவும் நான்தான்."

கொளஞ்சிநாதன் சத்தம் போடுகிறவர் அல்ல. அவர் சத்தம் போட்டிருந்தால் சகாயமேரிக்கு அன்று கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "பாண்டிச்சேரிக்காரன் ஒருத்தன் இந்த மெஷின ரெண்டு மாசமா கேட்டுகினு இருக்கான், மேரி. மூணாவதும் உடைஞ்சுதுன்னா குடுத்துடறேன். பேலன்ஸ வெளிய அனுப்பி செஞ்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மெஷின் போனால் சகாயமேரிக்கு அங்கே வேலை இல்லை. இதை அவர் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சகாயமேரிக்கு அப்போது நாற்பத்தோரு வயது. நெல்லிக்குப்பத்தில் பிறந்தவர். அப்பா சர்க்கரை ஆலையில் பாய்லர் ஓட்டியவர். மகள் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து அனல்மின் நிலையத்தில் ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்தார். பெர்மனென்ட் வேலைக்கு மூன்று முறை தேர்வு எழுதினார். மூன்றாவது முறை பட்டியலில் பெயர் வந்ததாகப் பக்கத்து வீட்டில் சொல்லிக் கேக் வெட்டிவிட்டார்கள். அது வேறொரு சகாயமேரி. அதை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார். அதன்பிறகு கொளஞ்சிநாதனிடம் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

நெடுமாறன் போகாமல் நின்றுகொண்டிருந்தார். சகாயமேரி உடைந்த துண்டுகளை டீசலில் கழுவி வரிசையாக அடுக்கினார். தண்டைத் தாங்கும் இரண்டு பேரிங்குகளும் ஏறக்குறைய நன்றாகவே இருந்தன. பேலன்ஸ் தப்பியிருந்தால் முதலில் தேய்வது அவைதான். ஆனால் தண்டு முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங், தட்டையான பித்தளைத் தகடு, சுத்தியலால் அடித்ததைப்போல இரண்டு முகத்திலும் நசுங்கிக் கிடந்தது.

"இங்க பாருங்க மாறன். இது பக்கவாட்டுல ஆடி உடையல. முன்னயும் பின்னயும் குத்திக் குத்தி உடைஞ்சிருக்கு."

"எப்பிடி உடைஞ்சா என்னாக்கா? உடைஞ்சுதுல்ல?"

"ஏத்தத்துல ஏறும்போது எப்பிடிச் சத்தம் வந்துது?"

நெடுமாறன் யோசித்தார். பிறகு கழுத்தை முன்னால் நீட்டி, கன்னத்தை உப்பி, "ஹுப்... ஹுப்... ஹுப்..." என்றார். "நம்ம ஊட்டு எருமைக்குச் சளி புடிச்ச மாதிரி இருமிகினே ஏறும். பெரிய சாமான் இல்லியா, அப்பிடித்தான் இருக்கும்னு அறிவுதான் சொன்னான்."

அறிவழகன் அந்தப் பட்டறையின் ஃபிட்டர். லாரிக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "மைன்ஸ் சாமானுன்னா மூச்சு பெருசா வுடும்ணே" என்றான்.

அங்கேதான் அந்த ஊருக்கே உரிய நம்பிக்கை ஒன்று இருந்தது. சுரங்கத்தில் மண் சுமந்த ராட்சத டம்பர் லாரிகள் கழிக்கப்பட்டு, பழைய இரும்புக்காரர்கள் வழியாக அவற்றின் பாகங்கள் வெளியே வரும். மைன்ஸ் சாமான் என்று சொன்னால் நெய்வேலியைச் சுற்றி யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். அதன் போல்ட்டைக்கூடத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். நெடுமாறனின் இரண்டு டர்போக்களும் அப்படிப்பட்டவைதான். காற்றை அழுத்தும் பக்கம் டம்பருடையது. புகை சுழற்றும் பக்கம் லாரியின் பழைய டர்போவிலிருந்து எடுத்தது. இரண்டையும் ஒரே தண்டில் கோர்த்தவன் அறிவழகன். இப்படிக் கோர்ப்பதற்குப் பட்டறையில் 'லவ் மேரேஜ்' என்று பெயர். எதை எதனுடன் கோர்க்கலாம் என்பதற்குக் கொளஞ்சிநாதனின் விதி ஒன்றே ஒன்று: நாலு போல்ட்டும் உட்கார்ந்தால் அது பொருத்தமான டர்போ.

அன்று வெள்ளிக்கிழமை. லாரியைச் சும்மா நிறுத்த முடியாது, புதன்கிழமைக்குள் மூன்றாவது டர்போ வேண்டும் என்று சொல்லிவிட்டு நெடுமாறன் போனார்.

*

காற்றை அழுத்தும் ஒவ்வொரு கம்ப்ரெஸருக்கும் அதைச் செய்தவர்கள் 'மேப்' என்று ஒரு வரைபடம் வெளியிடுகிறார்கள் என்பது சகாயமேரிக்குத் தெரியும். அப்ரண்டிஸாக இருந்தபோது கம்ப்ரெஸர் அறையின் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த ஒன்றைப் பார்த்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார். "அது மெஷின் வாங்கறவங்களுக்கும்மா, துடைக்கறவங்களுக்கு இல்ல" என்று பதில் வந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டு இருபது வருடம் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டார். இதை அவர் பெருமையாகச் சொல்வதில்லை. யாரும் பெருமைப்பட வேண்டியதும் இல்லை.

அன்று சாயங்காலம் டம்பர் கம்ப்ரெஸரின் உடம்பில் பொறித்திருந்த எண்ணைப் போனில் தேடினார். ஏழாவது பக்கத்தில் மேப் கிடைத்தது. ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் அடிக்கச் சொன்னார். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கைரேகையாம்மா?" என்று கேட்டார்.

இந்திரா நகர் வாடகை வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் தாளை விரித்தபோது கணவர் ஆரோக்கியதாஸ் ஷிப்ட் முடிந்து வந்தார். சுரங்கத்தின் சர்வே பிரிவில் காண்ட்ராக்ட் தொழிலாளி. தாளைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"இது மேடுபள்ளம் காட்டற காண்டூர் ஷீட்டு மாதிரியே இருக்கே. எந்த மைன்ஸு?"

"மைன்ஸ் இல்லீங்க, டர்போ."

"மேடு இருக்கே. இந்த வளையம் நடுவுலதான உச்சி?"

"ஆமா. அங்க இருந்தா கொஞ்ச சூட்டுல நெறைய காத்து அழுத்தும். வளையம் வெளிய போகப் போக வீண் சூடு ஜாஸ்தி."

"அடியில எழுதியிருக்கற நம்பரு?"

"நிமிஷத்துக்கு எத்தன கிலோ காத்து போவுதுன்னு. பக்கத்துல மேல ஏறறது, காத்த எத்தன மடங்கு அழுத்துதுன்னு."

ஆரோக்கியதாஸ் இடது ஓரத்தில் சாய்வாக ஏறிய தடித்த கோட்டில் விரலை வைத்தார். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே வரையப்படாமல் தாள் வெள்ளையாக இருந்தது. "இங்க சர்வே பண்ணலியா?"

"அங்க போவக்கூடாதுங்க. அதுக்கு சர்ஜ் கோடுன்னு பேரு. போற காத்து கம்மியா இருந்து, அழுத்தம் மட்டும் ஜாஸ்தியா இருந்தா, அழுத்தின காத்து நிக்காம திரும்பி வந்துடும். திரும்பவும் தள்ளும், திரும்பவும் வரும். ஒரு நொடியில பல தடவ."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெடுமாறனின் எருமை இருமல் அவர் காதில் கேட்டது. காற்று திரும்பி வந்து சக்கரத்தை அறைந்தால், தண்டு முன்னும் பின்னும் குத்தாமல் என்ன செய்யும்? நெடுமாறன் ஏறும் இடம் அந்த வெள்ளைப் பகுதியில் விழுந்தால் போதும். தப்பு பேலன்ஸில் இல்லை.

கணக்குப் போட்டார். எஞ்சினின் கொள்ளளவு ஐந்து லிட்டர் எழுநூறு. ஏற்றத்தில் நிமிடத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்று. சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்பதற்குப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தார். டர்போவை மாட்டிய அன்று அறிவழகன் பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்து, வெளிக்காற்றைவிட இரண்டு புள்ளி இரண்டு மடங்கு அழுத்தம் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தான். அந்த அழுத்தத்தில், குளிர்ந்து எஞ்சினுக்குள் போகும் காற்று ஒரு கன மீட்டர் இரண்டு கிலோ முந்நூற்றைம்பது கிராம். பெருக்கினார். நிமிடத்துக்குப் பதினேழு கிலோ.

தாளில் பதினேழைத் தேடி, பென்சிலை மேலே நகர்த்தி, இரண்டு புள்ளி இரண்டில் நிறுத்தினார். புள்ளி நடு வளையத்துக்குள் அழகாக உட்கார்ந்தது. சர்ஜ் கோடு அந்த உயரத்தில் பதினொன்றில் இருந்தது. எவ்வளவோ தூரம்.

"உச்சியிலயே நிக்குது, மேரி" என்றார் ஆரோக்கியதாஸ் சந்தோஷமாக.

"அப்பன்னா டர்போ மேல ஒரு தப்பும் இல்லீங்க" என்றார் சகாயமேரி. "என் மேலதான்."

*

சனிக்கிழமை காலை சகாயமேரி நேரே பேலன்சிங் மெஷினிடம் போனார். மெஷினை மூன்று முறை சோதித்தார். அது சரியாகத்தான் காட்டியது. ஆனால் மெஷின் காட்டுவது சரியா என்று மெஷினையே கேட்டு எவ்வளவு தூரம் போக முடியும்? முதலாளியிடம் போய் "என் கைதான் தப்பியிருக்குண்ணே" என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் உட்கார்ந்தார்.

மத்தியானம் நெடுமாறன் டர்போ தயாரா என்று பார்க்க வந்தார். சகாயமேரி ஏதோ கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டார்: "ரோட்டுல எப்பிடிப் போச்சு?"

"ரோட்டுலயா? அத ஏன் கேக்கற! ரெண்டாயிரத்து நானூறுல வுட்டன்னா பறக்கும். ஒரு இருமல் கெடையாது, ஒரு பொகை கெடையாது. வடலூர் தாண்டினதே தெரியாது. குழியில ஏறும்போதுதான் சனியன் புடிச்சுக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் சகாயமேரி மீண்டும் தாளை விரித்தார். ரோட்டுக் கணக்கைப் போட்டார். அதே எஞ்சின், அதே அழுத்தம், இரண்டாயிரத்து நானூறு சுற்று. நிமிடத்துக்கு இருபத்தொன்பது கிலோ வந்தது. பென்சிலை நகர்த்திக்கொண்டே போனார். வளையங்கள் முடிந்தன. வலது ஓரத்துக் கடைசிக் கோடும் இருபத்தேழோடு முடிந்தது. இருபத்தொன்பது வரைபடத்துக்கு வெளியே இருந்தது.

வெளியே என்றால், அந்த டர்போவால் அவ்வளவு காற்றைத் தரவே முடியாது. ரோட்டில் லாரி திணறிக் கரும்புகை கக்கியிருக்க வேண்டும். ஆனால் நெடுமாறன் பறந்தது என்கிறார். மேப் பொய் சொல்லக் காரணமில்லை. குழியில் உடைந்ததென்று சண்டைக்கு வந்த மனிதர் ரோட்டைப் பற்றிப் பொய்யாகப் புகழவும் காரணமில்லை. இரண்டும் உண்மையென்றால் நடுவில் பொய்யாக இருப்பது ஒன்றுதான்: தன்னுடைய கணக்கு.

ஒவ்வொரு வரியாகத் திரும்பிப் போனார். முதல் வரியிலேயே நின்றார். ஐந்து லிட்டர் எழுநூறு, பெருக்கல் சுற்று. ஒவ்வொரு சுற்றிலுமா எஞ்சின் காற்றை இழுக்கிறது?

"ஐயோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஆரோக்கியதாஸ் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.

"ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதாங்க இழுக்கும்! இழுக்கறது, அழுத்தறது, எரியறது, வெளிய தள்றது, நாலு வேலைக்கு ரெண்டு சுத்து. நான் பாதியாக்கவே இல்ல! டிப்ளமோவுல மொத வருஷப் பாடங்க இது!"

"மீன் கொழம்பு கொதிக்குது, மேரி."

"கொதிக்கட்டும்! இங்க வாங்க, நீங்களே புள்ளி வைங்க. ரோடு பதினாலரை."

ஆரோக்கியதாஸ் பென்சிலை வாங்கி, சர்வே ஷீட்டில் வைப்பதைப்போல மூச்சடக்கிப் புள்ளி வைத்தார். கோட்டுக்கு உள்ளே, பத்திரமாக. லாரி பறந்தது உண்மைதான்.

"இப்ப ஏத்தம். எட்டரை."

பென்சில் பதினொன்றைத் தாண்டியது. சர்ஜ் கோட்டைத் தாண்டியது. ஒன்றும் வரையாத வெள்ளைத் தாளில் போய் நின்றது.

சகாயமேரி மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இன்னொரு முறை நடந்தார். பிறகு அந்த நாற்பத்தோரு வயது பெண்மணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதி குதித்தார். மீன் குழம்பு அடிப்பிடித்தது.

*

திங்கட்கிழமை காலையில் நான்கு தாள்களோடு பட்டறைக்குப் போனார். டம்பர் மேப் ஒன்று. மீதி மூன்றும் அலமாரியில் சும்மா கிடந்த மூன்று டர்போக்களுடையவை. மூன்றிலும் எட்டரையும் பதினாலரையும் சிவப்பு மையில் குறித்திருந்தார்.

கொளஞ்சிநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்னாம்மா இது, கோலமா?"

"குழியில ஏறும்போது லாரிக்கு இவ்ளோ காத்துதாண்ணே வேணும். டம்பர் டர்போவுக்கு அது பத்தாது. சாப்பாடு கம்மின்னு அது திருப்பித் துப்புது. அந்த அடியிலதான் தண்டு ஒடையுது." மற்ற தாள்களை வரிசையாக வைத்தார். "இது டிராக்டருது. ஏத்தத்துக்கு நல்லாருக்கு, ரோட்டுக்குப் பத்தாது, பன்னெண்டோட முடிஞ்சிடுது. இது ஜெனரேட்டருது, இதுலயும் ஏத்தம் கோட்டுக்கு வெளிய. இது ஒண்ணுதான் ரெண்டு புள்ளியையும் உள்ள வச்சிருக்கு. பழைய டவுன் பஸ்ஸுது."

அறிவழகன் அலமாரியிலிருந்து அந்த டர்போவை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஆட்டினான். டம்பருடையதற்குப் பக்கத்தில் அது தேங்காய்க்குப் பக்கத்தில் எலுமிச்சை. "அக்கா, இதுக்குப் பால் பாட்டில் வாங்கணுமா?"

"வாங்கு. மொதல்ல நீ குடி, உன் லவ் மேரேஜு ரெண்டு வாட்டி டைவர்ஸ் ஆயிருக்கு."

கொளஞ்சிநாதன் மட்டும் சிரிக்கவில்லை. டர்போவைப் புரட்டி, லாரியில் பொருந்தும் முகத்தைப் பார்த்தார். "நாலு போல்ட்டும் உட்காரலியே."

"உட்காராதுண்ணே. நடுவுல ஒரு பிளேட்டு வெட்டிப் போடணும்."

"உட்கார்றத விட்டுட்டு உட்காராதத மாட்டறதா? முப்பது வருஷமா நான் மாட்டினதெல்லாம் தப்பா?"

இது கோபத்தில் கேட்டதல்ல. உண்மையிலேயே பதில் வேண்டிக் கேட்ட கேள்வி. அதனால் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"தப்பில்லண்ணே. அதே வண்டிக்கு அதே சாமான் மாட்டற வரைக்கும் போல்ட்டு போதும். வேற வண்டி சாமான் வரும்போதுதான் போதல." கொஞ்சம் நிறுத்தினார். "இந்தச் சக்கரம் எந்த வண்டிக்குப் போவுது, என்னா வேலைக்குன்னு நானும் ஒன்பது வருஷத்துல ஒரு நாளும் கேக்கல. குடுத்தத பேலன்ஸ் பண்ணி அனுப்பினேன். அதுல எனக்கும் பங்கு உண்டு."

கொளஞ்சிநாதன் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பேப்பர்ல லாரி ஏறாது. மாட்டு. மூணாவது இதுதான். நான் சொன்னது சொன்னதுதான்."

*

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நெடுமாறனின் டிப்பரில் சகாயமேரி ஏறி உட்கார்ந்தபோது அவர் கையில் ஒரு பிரஷர் கேஜ் இருந்தது. அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் கேபின் தரையின் ஓட்டை வழியாக எஞ்சினுக்குப் போயிற்று. கொளஞ்சிநாதனும் அறிவழகனும் பைக்கில் பின்னால் வந்தார்கள்.

நெடுமாறன் வழிநெடுக முணுமுணுத்தார். "ஸ்டாண்டுல எல்லாம் கேக்கறானுங்கக்கா. மைன்ஸ் டர்போவ கழட்டிட்டு டவுன் பஸ் டர்போ மாட்டிகினியான்னு. டிக்கெட்டு குடுப்பியாடான்றானுங்க."

முந்திரி மரங்களுக்கு நடுவே திடீரென்று பூமி சிவப்பாகப் பிளந்துகிடந்தது. நாற்பதடிப் பள்ளம். பொக்லைன் இயந்திரம் மூன்றே நிமிடத்தில் டிப்பரை விளிம்புவரை நிரப்பியது. ஏற்றத்தின் அடியில் நெடுமாறன் வண்டியை நிறுத்தினார். முந்தைய இரண்டு டர்போக்களும் உடைந்தது இந்த ஏற்றத்தில்தான். பாதிவழியில் இழுவை போனால், பாரத்தோடு பின்னால்தான் உருளவேண்டும்.

"நீ வேணா எறங்கி நடந்து வர்றியாக்கா?"

"நான் குறிச்ச புள்ளி இது. ஓட்டுங்க."

இரண்டாம் கியர். சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. எஞ்சின் ஆயிரத்து நானூறுக்கு இறங்கி அங்கேயே முனகியது. சகாயமேரி கேஜைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எந்த நொடியிலும் அந்த முதல் 'ஹுப்' வரலாம். பத்தடி. இருபதடி. நெடுமாறனும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். வளைவுக்கு முன்னால் சரிவு இன்னும் செங்குத்தாகும் இடம் வந்தது.

"இங்கதான்" என்றார் நெடுமாறன் தாழ்ந்த குரலில்.

விசில் சத்தம் ஒன்று எழுந்தது. மெல்லியது, நடுக்கமில்லாதது, ஒரே சுருதியில் நின்றது. சகாயமேரி கண்ணைத் திறந்தார். கேஜின் முள் அசையாமல் நின்றது: வெளிக்காற்றுக்கு மேல் ஒன்று புள்ளி இரண்டு. வெளிக்காற்றின் ஒன்றையும் சேர்த்தால் இரண்டு புள்ளி இரண்டு, தாளில் வரைந்த அதே உயரம். புள்ளி இருந்த இடத்தில் லாரி இருந்தது.

"ஏறுதுக்கா! ஏய், ஏறுது! இரும மாட்டேங்குது!" நெடுமாறன் ஸ்டீரிங்கை அடித்தார். "மூணாவது போடட்டுமா?"

"போடுங்க! போடுங்க!"

மேலே வந்து சமதளத்தில் நின்றதும் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. அன்று காலையில் மட்டும் ஏழு நடை. ஏழிலும் சகாயமேரி உட்கார்ந்துபோனார். நான்காவது நடையில் அறிவழகன் தானும் ஏறிக்கொண்டு, சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பால் பாட்டில் நான் வாங்கித் தர்றேன்கா" என்றான்.

கொளஞ்சிநாதன் மரநிழலில் நின்று ஏழையும் கேட்டார். "நல்லாத்தான் ஏறுது" என்றார். "மொத டர்போவும் பத்தொம்பது நாள் ஏறத்தான் ஏறிச்சு. பாண்டிக்காரன்கிட்ட ஒரு மாசம் டைம் சொல்லியிருக்கேன்."

அது நியாயம்தான். ஏறுவது ஒன்று, உடையாமல் இருப்பது வேறொன்று. முதலாவதைக் காதால் கேட்கலாம். இரண்டாவதைக் காத்திருந்துதான் அறியவேண்டும். சகாயமேரி காத்திருந்தார். பதினோராம் நாள் காலையில் போன் மணி அடித்தபோதெல்லாம் நெடுமாறனா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். பத்தொன்பதாம் நாள் நெடுமாறனே கூப்பிட்டு, "இன்னும் உயிரோடதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் சகாயமேரி டிப்பரைப் பட்டறைக்கு வரச் சொன்னார்.

"ஓடிகினு இருக்கற வண்டிய எதுக்குக்கா பிரிக்கணும்?" என்று நெடுமாறன் சண்டை போட்டார்.

"ஓடுதுன்றது உங்களுக்குப் போதும். உள்ள என்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

டர்போவை இறக்கிப் பிரித்தார்கள். சகாயமேரி த்ரஸ்ட் பேரிங்கைத் துடைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்தார். கொளஞ்சிநாதன் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தால் இரண்டு முகத்தையும் வருடினார். கடைசலில் விழுந்த மெல்லிய வட்டக் கீறல்கள்கூட அழியாமல் இருந்தன. நசுங்கல் இல்லை. குத்து இல்லை.

பேரிங்கைத் துணிமேல் திருப்பி வைத்தார். இதைச் சாதனை என்று அவரும் சொல்லவில்லை, அப்படிச் சொல்வதற்கும் இல்லை. மேப் யாரும் பார்க்கக் கிடைப்பது. கணக்கு முதல் வருடப் பாடம். தன் மேல்தான் தப்பு என்று தாள் சொன்னபோதும் அதை மடித்து வைத்துவிடாமல் அடுத்த புள்ளியையும் வைத்துப் பார்த்ததுதான் சகாயமேரி செய்தது. அது சின்னக் காரியம். ஆனால் பலர் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

கொளஞ்சிநாதன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "ஹலோ, பாண்டியா? மெஷின் விக்கறதுக்கில்லீங்க. இல்ல, வெல பிரச்சன இல்ல. இங்க வேலை இருக்கு." வைத்துவிட்டு, சகாயமேரியைப் பார்க்காமல் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "நெல்லிக்குப்பத்துலேருந்து ஒருத்தர் வந்திருக்காரு. கரும்பு வெட்டற மெஷினுக்கு டர்போ வேணுமாம். நான் போல்ட்டு அளவு எடுக்கல. நீ பேசிட்டுச் சொல்லு."

வாசலில் கரும்புச் சோகையின் தூசி படிந்த வேட்டியோடு ஒருவர் நின்றிருந்தார். "வணக்கம்மா. பெரிய சாமானா, நல்ல மைன்ஸ் சாமானா பார்த்து..."

"ஐயா, அத அப்புறம் பாப்போம்" என்றார் சகாயமேரி, நோட்டைத் திறந்து பென்சிலைச் சீவிக்கொண்டே. "வண்டி காட்டுல எந்த ஆர்.பி.எம்.ல, நிமிஷத்துக்கு எத்தன சுத்துல கரும்பு வெட்டுது, அத மொதல்ல சொல்லுங்க. தெரியலன்னா சொல்லுங்க, நாளைக்கு நானே வந்து பாக்கறேன்."